அடுத்த ஆட்டத்திலும் அதே பையன்

எங்கள் வீட்டில் ஃபுட்பால் பார்ப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. தம்பி பார்த்தால் சத்தத்தோடு பார்க்கலாம். நான் பார்த்தால் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும். அப்பா படுக்கும் அறைக்கும் டிவி இருக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். தம்பி "கோல்!" என்று கத்தினால் அப்பா புரண்டு படுப்பார். நான் ரிமோட்டைத் தேடும் சத்தம் கேட்டாலே, "பொம்பளப் புள்ளைக்கு இந்நேரத்துல என்ன டிவி?" என்று குரல் வரும். அதனால் ஆர்செனல் அணியின் ஆட்டங்களில் பாதியை நான் ஊமைப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு லண்டன் அணி ஒன்றின் மேல் ஏன் பைத்தியம் பிடித்தது? 2003-04 சீசனில் ஆர்செனல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. பலர் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். தம்பியும் அப்படித்தான். நான் வந்த காரணம் வேறு. அந்த அணியில் செஸ்க் ஃபாப்ரிகாஸ் என்று ஒரு ஸ்பெயின் பையன் இருந்தான். 1987இல் பிறந்தவன். நானும் 1987. பதினாறு வயது 177 நாளில் அவனைப் பெரியவர்களின் ஆட்டத்தில் இறக்கிவிட்டார் மேனேஜர் ஆர்சென் வெங்கர். அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை.

2005இல் கேப்டன் பாட்ரிக் வியேரா அணியை விட்டுப் போனார். அவர் இடத்துக்குப் பெரிய பெயர் ஒன்றை வாங்குவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வெங்கர் வாங்கவில்லை. நடுக்களத்தைப் பதினெட்டு வயது ஃபாப்ரிகாஸிடம் கொடுத்தார். எனக்கும் அப்போது பதினெட்டு. கல்லூரிப் போட்டி ஒன்றுக்காகத் திருச்சிக்குத் தனியாக பஸ் ஏற்றிவிடலாமா, தம்பியைத் துணைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குப் பதினாறு. அவன்தான் துணைக்கு வந்தான்.

ஃபாப்ரிகாஸ் அழகாக இருந்தான், அதனால்தான் பார்க்கிறேன் என்று தம்பியின் நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று சொல் பார்ப்போம் என்று பரீட்சை வைப்பார்கள். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கவாட்டுக் கோட்டருகே நீளக் கோட்டும் போட்டு நின்ற அந்த ஒல்லி மனிதரைத்தான். ஒரு பையன் பந்தைத் தவறாகக் கொடுத்து, எதிரணி அதை கோல் ஆக்கியதும், நான் உடனே அவர் முகத்தைத் தேடுவேன். இப்போது என்ன செய்யப் போகிறார்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார். முகம் சுருங்கும். பாட்டிலைப் போட்டு உடைத்ததும் உண்டு. ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே பையன் மறுபடி ஆடுவான்.

அந்த "மறுபடி"தான் என்னைப் பிடித்து வைத்தது என்று இப்போது புரிகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெங்கரின் நம்பிக்கையில் கணக்கும் இருந்தது. 2006இல் ஆர்செனல் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு 60,000 பேர் உட்காரும் புது மைதானத்துக்குப் போனது. கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. மற்ற கிளப்புகள் கோடிகளைக் கொட்டியபோது, இவர் பையன்களை வாங்கி வளர்த்தார். இளம் வயது மலிவும்கூட. பெண்களை வேலைக்கு எடுத்துவிட்டு அதைப் பெண் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ அலுவலகங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மலிவு என்பதற்காக ஒருவரை எடுப்பது வேறு, அவர் தவறு செய்த பிறகும் வைத்துக்கொள்வது வேறு. இரண்டாவதற்குக் கணக்கு மட்டும் போதாது.

2008 செப்டம்பரில் லீக் கப் ஆட்டம் ஒன்றில் சராசரி வயது பத்தொன்பது உள்ள அணியை இறக்கினார். ஷெஃபீல்ட் யுனைட்டெட் அணியை 6-0 என்று அடித்துத் துவைத்தார்கள். கார்லோஸ் வேலா மூன்று கோல். பதினாறு வயது ஜாக் வில்ஷர் ஒரு கோல். மறுநாள் கோல்களை மட்டும் டிவியில் காட்டியபோது சிரித்துக்கொண்டே இருந்தேன். அப்போது பி.காம். முடித்து சி.ஏ. படிக்கத் தொடங்கியிருந்தேன். அப்பா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஒரு நிபந்தனை இருந்தது. "முதல் அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணணும். இல்லைன்னா கல்யாணம்."

தம்பி அப்போது இன்ஜினியரிங்கில் ஒன்பது அரியர் வைத்திருந்தான். செமஸ்டருக்கு செமஸ்டர் அப்பா பணம் கட்டினார். "விளையாட்டுத்தனமா இருக்கான், சரியாயிருவான்." அவன் சரியாகத்தான் ஆனான். ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்தை யாரும் எண்ணவில்லை. நான் சி.ஏ. இன்டரின் ஒரு குரூப்பில் பதினோரு மார்க்கில் ஃபெயில் ஆனபோது, அந்தப் பதினோரு மார்க் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அது 2011 ஆம் ஆண்டின் தொடக்கம். அப்பா கோபப்படவில்லை. "போதும்மா, நீ முயற்சி பண்ணிட்ட" என்றார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு வாரத்தில் ஜாதகம் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் லீக் கப் இறுதியாட்டம் வந்தது. 2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. வெம்ப்லியில் பர்மிங்ஹாம் சிட்டிக்கு எதிராக. 2005க்குப் பிறகு ஆர்செனல் ஒரு கோப்பையும் வாங்கியிருக்கவில்லை. இந்த முறை நிச்சயம் என்றார்கள். தம்பி நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். அப்பா தூங்கிவிட்டார். நான் வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்து உட்கார்ந்தேன். தூக்கம் வராமல் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டம் 1-1. முடிய ஒரு நிமிடம் இருந்தது. ஆர்செனலின் பெனால்டி பகுதிக்குள் ஒரு சாதாரணப் பந்து வருகிறது. டிஃபெண்டர் கோஷியெல்னி அடிக்கப் போகிறார். கோல்கீப்பர் ஷெஸ்னியும் பிடிக்கப் பாய்கிறான். இருபது வயதுப் பையன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லையா, அதிகம் நம்பிவிட்டார்களா தெரியாது. பந்து அவன் கையில் பட்டு நழுவுகிறது. எதிரணியின் ஒபாஃபெமி மார்ட்டின்ஸ் காலடியில் பந்து, முன்னால் காலி கோல். 2-1. கோப்பை போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. பந்துக்காக மட்டும் இல்லை. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லில் கிடந்த அந்தப் பையனைக் காட்டிக் கேட்டார்: "இனிமே இவன ஆட விடமாட்டாங்கல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். உலகத்தின் மிகச் சிறந்த அணி என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அணிக்கு எதிராக. நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டத்துக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அணிகள் வரிசையாக வந்தன. கோலில் ஷெஸ்னி. முன்னால் கோஷியெல்னி. ஆர்செனல் அன்றைக்கு 3-1 என்று தோற்று வெளியேறியது. ஷெஸ்னியும் விரலில் அடிபட்டு இருபது நிமிடத்துக்குள் வெளியே போனான். ஆனாலும் காலையில் அடுப்படியில் அம்மாவிடம் முதல் வேலையாகச் சொன்னேன். "அதே பையன்தாம்மா. அவனைத்தான் இறக்கினாங்க."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜாதகத்தோடு வந்த தரகரை அனுப்பிவிட்டு அப்பாவிடம் பேசினார். "அவ இன்னொரு தடவை எழுதட்டும். தம்பிக்கு எத்தனை தடவை கட்டுனீங்க?" என் அம்மா அப்பாவிடம் கணக்குக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இரண்டாவது முறையும் ஃபெயில் ஆனேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையை நான் பேசும் இடங்களில் எல்லாரும் இரண்டாவது முறை பாஸ் ஆகிவிட்டேன் என்றே எதிர்பார்க்கிறார்கள். அம்மா தரகரை இன்னொரு முறை அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை பாஸ். நம்பிக்கை வைத்த உடனே பலன் வந்தால் அதை நம்பிக்கை என்று சொல்லத் தேவையில்லை.

வெங்கருக்கும் உடனே பலன் வரவில்லை. 2011 ஆகஸ்டில் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவுக்குப் போனான். அதே மாதக் கடைசியில் மான்செஸ்டர் யுனைட்டெட் ஆர்செனலை 8-2 என்று தோற்கடித்தது. "வளர்த்து விட்டவரை விட்டுட்டுப் போறான், நன்றி கெட்டவன்" என்று தம்பி திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். பிறகு நினைத்துப் பார்த்தால் அந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. படிக்க வைத்தோமே, இப்படிச் செய்கிறாயே என்று பெண்களிடம் சொல்லும் அதே வசனம். ஒருவரை நம்புவதைக் கடன் கொடுப்பதாக நினைத்தால்தான் வட்டி கேட்கத் தோன்றும்.

2014 மே 17. எஃப்.ஏ. கப் இறுதியாட்டம், ஹல் சிட்டிக்கு எதிராக. எட்டு நிமிடத்துக்குள் ஆர்செனல் 2-0 என்று பின்தங்கியது. கசோர்லா ஒன்றைத் திருப்பினார். 71ஆவது நிமிடத்தில் சமன் செய்தது யார்? கோஷியெல்னி. கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தது ஆரன் ராம்சி. பத்தொன்பது வயதில் கால் முறிந்து, திரும்பி வந்தபின் மோசமாக ஆடி, சொந்த ரசிகர்களிடமே வசை வாங்கியவன். நானும் வைதிருக்கிறேன். அன்றைக்கு நான் ஆர்டிகிள்ஷிப்பில் இருந்தேன், விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். சத்தத்தை நானே கூட்டி வைத்தேன். அப்பா எழுந்து வந்து பார்த்தார், சோபாவில் உட்கார்ந்தார். "யாரும்மா ஜெயிக்கிறாங்க?" என்றார்.

ஒன்பது வருட வறட்சி முடிந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அந்த ஒன்பது வருடத்தில் ஆர்செனலின் பெண்கள் அணி கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்தது. 2004 முதல் 2012 வரை லீக் பட்டத்தை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2006-07 சீசனில் லீக், எஃப்.ஏ. கப், லீக் கப், ஐரோப்பியக் கோப்பை என்று நான்கையும் வென்றார்கள். ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்துப் பெண்கள் அணி அதுதான். அந்த இறுதிப்போட்டியின் ஒரே கோலை அடித்த அலெக்ஸ் ஸ்காட், கிளப்பின் சலவைக்கூடத்தில் ஆண்கள் அணியின் உடைகளைத் துவைக்கும் வேலையும் பார்த்தவர். பெண்கள் அணியின் மேனேஜர் விக் ஏக்கர்ஸ்தான் வெங்கர் அணியின் உடைகளுக்கும் பொறுப்பாளர். ஆண்கள் 60,000 பேர் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் போர்ஹாம்வுட் என்ற சிறு ஊர் மைதானத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற ஆண்களின் பொறுமைக் கதையை நான் ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து படித்தேன். ஜெயித்த பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

பதினேழு வயதில் லியா வில்லியம்சன் அந்தப் பெண்கள் அணிக்கு முதன்முதலாக ஆடியதும் அதே 2014இல்தான். 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்று ஆர்செனல் பெண்கள் மறுபடி ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது அவர் களத்தில் இருந்தார். அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். "இத்தனை நாளா இவங்க எங்கடி இருந்தாங்க?" என்றார் அம்மா. இங்கேதான் இருந்தார்கள். நாம்தான் பார்க்கவில்லை.

இப்போது நானும் இன்னொரு தோழியும் சேர்ந்து மதுரையில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். போன வருடம் எங்களிடம் ஆர்டிகிள்ஷிப்புக்குச் சேர்ந்த ஒரு பெண், ஒரு கிளையண்டின் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதியைத் தவறவிட்டுவிட்டாள். அபராதத்தை நாங்கள் கட்டினோம். கிளையண்ட் போனில் கத்தினார். நான் போனை வைத்ததும் முதலில் நினைத்தது, "இனிமேல் இவளிடம் எதுவும் கொடுக்கக் கூடாது" என்பதுதான். அப்பாவின் குரலிலேயே நினைத்தேன், கோபமில்லாமல், அமைதியாக.

அன்று சாயங்காலம் தோழி கேட்டாள்: "ஆறு மாசத்துக்கு முன்னாடி அந்தப் பையன் இதே தப்பைப் பண்ணானே, அப்ப என்ன பண்ணோம்?" யோசித்துப் பார்த்தேன். சிரித்து, திட்டி, டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த ஃபைலைக் கொடுத்திருந்தோம். அவன் தவறு செய்ததே எனக்கு மறந்து போயிருந்தது. இருபது வருடம் வெங்கரைக் கொண்டாடியவள் நான்.

மறுநாள் காலை அதே கிளையண்டின் ஃபைலை அவள் மேஜையில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இது என்கிட்டயா?" என்றாள். "உன்கிட்டதான்" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, மாதம் இருபதாம் தேதி வரை எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டேதான் இருந்தது.