முள்ளை விரித்த பிறகு

ரப்பர் தவளையை விரால் பாய்ந்து கவ்வும். தண்ணீர் தெறிக்கும். தூண்டிலைச் சுண்டினால் வெறும் தவளைதான் திரும்பி வரும். கேரளத்தின் குட்டநாட்டு வாய்க்கால்களில் இரண்டு வருடங்களாக எனக்கு இதே கதைதான்.

கோளாறு தவளையின் அமைப்பில் இருந்தது. ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொள்ளாமலிருக்க அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டியிருக்கும். மீன் வாயிலும் மாட்டாது. ஒரு நாள் குறட்டால் இரண்டு நுனிகளையும் லேசாக வெளியே வளைத்தேன். காலை மட்டும் கவ்விவிட்டுத் தப்பும் மீன்களுக்காக, நீண்ட ரப்பர் கால்களைப் பாதியாக நறுக்கினேன். கவ்வியதும் சுண்டாமல் ஒரு விநாடி பொறுக்கவும் பழகினேன்.

ஜூன் மழையில் பலன் கிடைத்தது. ஒன்றரை கிலோ விரால்! முள்ளைக் கழற்றும்போதுதான் அது பாய்ந்த இடத்தைக் கவனித்தேன். நீர்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். விரால் பசிக்காக மட்டும் பாய்வதில்லை. குஞ்சுகளை நெருங்குவதை விரட்டவும் பாயும். காவல் போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான்.

மீனைத் தண்ணீரில் விட்டேன். நான் வளைத்த முள் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வீசுவதற்கு முன், தண்ணீரில் செம்மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.