எம்டனுக்கு ஒரு சொல் உண்டு

மதுரைப் பக்கத்தில் எதற்கும் மசியாத தந்திரக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு இன்னும் முற்றாக அழியவில்லை. 2006-இல் 'எம்டன் மகன்' என்று அறிவிக்கப்பட்ட திரைப்படம் 'எம் மகன்' என்று பெயர் மாறி வந்தபோதும், பழைய தலைப்பின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், கடலைக் கண்டிராத வைகைக்கரை ஊர்களிலும் ஒரு பண்பின் பெயராயிற்று.

அந்த எம்டனை முடித்தது ஒரு வழித்துணைக் கப்பல் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படையினரை ஏற்றிச்சென்ற கப்பல் அணிக்குக் காவலாக வந்த 'சிட்னி', அணியினின்று பிரிந்துசென்று நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே எம்டனை வீழ்த்தியது. அதே அணிக்குக் காவல் வந்த மற்றொரு கப்பல் ஜப்பானின் 'இபுகி'.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. ஜப்பான் எதிர்ப்பக்கம் போயிருந்தது. 1942 நவம்பர் 11-இல், அதே கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்கு வழித்துணையாக வந்துகொண்டிருந்தது இந்திய அரசக் கடற்படையின் 'பெங்கால்'. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டுச் சில மாதங்களே ஆன, சுமார் 650 டன் எடையுள்ள, கண்ணிவெடி அகற்றும் சிறுகப்பல் அது. அதிலிருந்த பெரிய ஆயுதம் 12 பவுண்டர் பீரங்கி ஒன்றே. எதிரே வந்தவை 'ஹோகோகு மாரு', 'ஐகோகு மாரு' என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல், 5.5 அங்குலப் பீரங்கிகள் பல கொண்டது.

பெங்காலின் தலைவர் வில்சன், ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தம் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். எண்ணெய்க் கப்பலும் தன் ஒற்றை 4 அங்குலப் பீரங்கியால் போரிட்டது. ஹோகோகு மாரு தீப்பற்றி வெடித்து மூழ்கியது. அந்தக் குண்டு எந்தக் கப்பலுடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஒண்டினாவுக்கே அப்பெருமையைத் தருவோர் பலர். குண்டுகள் தீரும் நிலையில் பெங்கால் புகைத்திரையிட்டு விலகியது. அதன்பின் ஒண்டினாவின் தலைவர் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்கள் மீதும் சுடப்பட்டது. எனினும் டார்பிடோக்கள் தாக்கியும் மூழ்காத தம் கப்பலில் மாலுமிகள் மீண்டும் ஏறி, ஃப்ரீமாண்டில் துறைமுகம் போய்ச் சேர்ந்தனர். பெங்கால் டீகோ கார்சியா சேர்ந்தது. அதில் ஒருவரும் மாண்டிலர்.

இது ஏன் நம் நினைவில் தங்கவில்லை? போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்தும் பலர் அக்கடற்படையில் சேர்ந்தனர். ஆயினும் கொடி ஆங்கிலேயருடையது. எதிரே நின்றது, நேதாஜி துணை தேடிய ஜப்பான். பிள்ளைகளுக்குப் 'போஸ்' என்று பெயரிட்டு மகிழ்ந்த மண் நம்முடையது. ஜப்பானோடு போரிட்ட மாலுமியை எங்கே வைப்பது என்று அது அறிந்திருக்கவில்லை. 1946-இல் அதே கடற்படை மாலுமிகள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோதுதான் அவர்கள் நம்மவராயினர். அதற்கு முந்திய நான்கைந்து ஆண்டுக் கடற்காவல் கணக்கில் வரவில்லை.

அரசியலுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. வழித்துணையின் வெற்றி என்பது ஒன்றும் நடவாமையே. கரை சேர்ந்த கப்பலில் இருந்த எண்ணெய் எரிந்து தீரும், கோதுமை உண்டு தீரும்; சொல்ல ஒரு கதை மிஞ்சாது. கொளுத்தியவனுக்கு நெருப்பே சாட்சி. மொழி அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் நம் இலக்கணம் இதனை அறியாததன்று. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணையாக்கியது. காத்தவனுக்குத் தனி இடம் கிடைக்க நம் மரபிலும் காலம் பிடித்திருக்கிறது. 2006-இல் வைகைப் படுகையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி நடுகற்களுள் ஒன்று கூடலூர் ஆகோளைப் பேசுகிறது. ஒரு சிற்றூர் மாட்டுப்பூசலில் பட்டவன் பெயர் ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்திருக்கிறது.

கரந்தைத் திணையை வகுப்பில் நடத்தும்போது இப்போதெல்லாம் பெங்காலையும் சேர்த்துச் சொல்கிறோம். எம்டனைத் தெரியும் என்று மாணவர் சிலர் கை உயர்த்துகின்றனர். பெங்காலுக்கு இதுவரை ஒரு கையும் உயர்ந்ததில்லை. தேர்வில் வராது என்றாலும், அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டே பாடத்தைத் தொடங்குகிறோம்.