பட்டறைக்கு வந்தால் எடுக்கும் வண்டி

"நேத்து வயல்ல மானத்த வாங்கிடுச்சு பாய். இப்பப் பாருங்க, தொட்டதும் எடுக்குது."

டிரைவர் சாவியைத் திருப்பிக் காட்டினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற உரிமையாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. 6,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று. அப்படியும் இந்த 35 குதிரைசக்தி பழைய டிராக்டர் நினைத்தால் எடுக்கிறது, நினைக்காவிட்டால் படுத்துக்கொள்கிறது.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. ஆட்டோ எலக்ட்ரீஷியனை ஊரே பாய் என்கிறது. நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டி இங்கே கூட்டம் கூடும். ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த வண்டிகளெல்லாம் குறுவை உழவுக்குக் கிளம்பும்போதுதான் எலி கடித்த வயரும் பச்சை பூத்த செம்பும் தெரியவரும்.

சுத்தமாக எடுக்காத வண்டி பாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும். எடுத்தும் எடுக்காமலும் இழுத்தடிக்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும். அதற்கு அவர் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, கேள்விகளை. அதையும் உரிமையாளரிடம் கேட்பதில்லை.

"தம்பி, நீ சொல்லு. எடுக்காதப்ப 'டக்'குனு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு பாய். அதோட சரி."

"லைட்டைப் போட்டுப் பாத்தியா? மங்குச்சா?"

"செத்த வெளிச்சம்தான் இருந்துச்சு."

"காலையிலயா, வேலை பாத்துட்டு நிறுத்தினப்புறமா?"

"டீ குடிக்க நிறுத்துனா எடுக்காது பாய். அரை மணி நேரம் கழிச்சு எடுத்துடும்."

இந்த மூன்று பதில்களில் பாதி வேலை முடிந்துவிட்டது என்றார் பாய். சத்தமே வரவில்லை என்றால் சாவி, கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே கரண்ட் விடும் சேஃப்டி சுவிட்ச், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சத்தம் வந்து லைட் மங்காமல் இருந்தால் சொலினாய்டின் உள் முனையோ மோட்டாரோ கெட்டிருக்கலாம். சத்தமும் வந்து லைட்டும் மங்கினால் பேட்டரி, தடித்த கேபிள், பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு சேர்க்கும் எர்த் பட்டை. பேட்டரி புதிது, மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. மீதி இரண்டு.

உரிமையாளர் தன் மல்டிமீட்டரை நீட்டினார். எர்த் பட்டையின் இரு முனையிலும் வைத்தால் 'பீப்' என்று கத்தியது. "நல்லாத்தானே இருக்கு?" என்றார். பாய் சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு மீட்டர் அனுப்பும் கரண்ட் துளியூண்டு. நூற்றுக்கணக்கான செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் 'பீப்' வரும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 200 ஆம்பியர் அளவில். இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே எரிந்து போகும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. அதனால்தான் மற்ற வயர்களைச் சோதிக்கவும் பாய் ஹெட்லைட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லாம்பையே நம்புகிறார். அது நான்கைந்து ஆம்பியர் கேட்கும். அரைகுறை வயரில் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோளாறு சூட்டில்தான் வரும் என்றால் வண்டி சூடாக வேண்டும். எதிர் வயலில் ரோட்டவேட்டரை இறக்கி நெடுநேரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தார். "ஸ்டாப் ராடை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடி." டீசல் போகாததால் இன்ஜின் பிடிக்காது, மோட்டார் மட்டும் முக்கும். கால் வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் மீட்டர் கிட்டத்தட்ட 2 காட்டியது. வண்டி ஆறியிருந்தபோது அதே இடத்தில் 0.4தான். "தொட்டுப் பாருங்க" என்றார். எர்த் பட்டை சேசிஸில் சேரும் போல்ட் சுட்டது.

கழற்றினால் உள்ளே பச்சை பெயிண்ட்! வண்டிக்குப் புதுவர்ணம் பூசியவர்கள் பட்டை உட்காரும் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. போல்ட்டின் மரை வழியாகவே இத்தனை நாளும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது; சூட்டில் இளகியதும் அதுவும் குறைந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, பட்டை முனையிலுள்ள லக்கை மாற்றி, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். ஈரம் புகாமல் இருக்க கிரீஸ் மேலேதான் பூச வேண்டும், அடியில் பெயிண்ட் இருக்கக் கூடாது.

இவ்வளவு நாள் இதை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? பழைய டீசல் வண்டி ஒருமுறை பிடித்துவிட்டால் அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஸ்பார்க் பிளக் கிடையாது, டீசல் பம்ப்பும் இயந்திர விசையில் ஓடுவது. எனவே மேட்டில் நிறுத்தி உருட்டி எடுத்துக்கொள்வார்கள். சிலர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி ஸ்குரூ டிரைவரை சொலினாய்டின் இரு முனையிலும் வைத்துத் தீப்பொறி பறக்க எடுப்பார்கள். அப்படிச் செய்தால் சேஃப்டி சுவிட்சுக்கு வேலையே இல்லை. கியரில் இருந்த வண்டி எகிறி, நிற்பவர் மீதே ஏறும். இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கணக்கு பேசும்போதுதான் மனம் கசந்தது. பாய் 500 கேட்டார். "என்னத்த மாத்தினீங்க? ஒரு லக்கு, ஒரு வாஷரு" என்று உரிமையாளர் 300 கொடுத்தார். தேவையே இல்லாத பேட்டரிக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர் அவர். பாய் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "பார்ட்டு மாத்தினா காசு, கண்டுபிடிச்சா கடன்" என்றார் என்னிடம். தொழில் பழக வந்த பையன்களில் பலர் பேட்டரி விற்கும் கடைகளுக்குப் போய்விட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி மக்கர் செய்தால் அதை ஓட்டுகிற ஆளையே பட்டறைக்கு அனுப்புங்கள். எப்போது, எந்தச் சூட்டில், என்ன சத்தத்தோடு நின்றது என்று அவர் சொல்லட்டும். பேட்டரி வாங்கும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கோளாறைத் தேடிப் பிடித்தவருக்கு அந்தத் தேடலுக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.