நாடா வெட்டுவதற்கு முந்திய நாட்கள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்தைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியமைக்குக் காரணம் மின்சாரம் அன்று. 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இத்திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டுக் கரைக்குச் சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் சீனரா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாந்தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனையால் பணி இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம். 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடை.

எந்தக் கொடி என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. எங்கள் தொழிலில் அடிக்கல்லும் நாடாவுந்தான் செய்தி. இரண்டுக்கும் நடுவில் நடப்பதற்குப் படம் இல்லை, ஆகவே பத்தியும் இல்லை. ஆனால் அந்த நடுவில்தான் தீவு மக்களுக்கு வேண்டியது முழுவதும் அடங்கியிருக்கின்றது என்பதை எனக்கு விளங்கவைத்தவன் என் தமக்கையின் மகன்.

அவன் வேலணையில் பிறந்தவன். இலண்டனுக்கு மேற்கே ஸ்லௌ நகரில் வேலை. ஐரோப்பாவில் தரவு மையங்கள் செறிந்துள்ள இடங்களுள் அதுவும் ஒன்று. நீங்கள் இதை வாசிக்கும் இக்கணத்தில்கூட, எங்கோ ஒரு தரவு மையத்தின் மின்சாரந்தான் இந்த எழுத்துகளை உங்கள் திரைக்கு அனுப்பியிருக்கின்றது. அத்தகைய கட்டடங்களில் மின்தொகுதி முழுவதையும் பரீட்சித்து, இயக்கி, உரியவரிடம் ஒப்படைக்கும் பணியை முகாமை செய்பவன் அவன். ஆங்கிலத்தில் கொமிஷனிங் என்பார்கள். தமிழில் இதற்கு ஒரு சொல் தேடி அலைந்திருக்கின்றேன். 'ஆணையிடல்' என்று ஒரு மொழிபெயர்ப்பைக் கண்டு சிரித்ததுதான் மிச்சம்.

"மாமா, லைட் எரியிறது பெரிய விசயமில்லை. எது எது எப்பிடிப் பழுதாகுமெண்டு நாங்களே பழுதாக்கிப் பாக்கிறதுதான் எங்கட வேலை" என்றான்.

அவன் தொழிலில் ஐந்து படிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே பார்ப்பது, வந்திறங்கியதும் பார்ப்பது, பொருத்தியபின் பார்ப்பது, ஒவ்வொரு தொகுதியாக இயக்கிப் பார்ப்பது என்று நான்கு. ஒவ்வொரு படி முடிந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறச்சீட்டு ஒட்டுவார்களாம். ஐந்தாவதுதான் வெள்ளைச்சீட்டு. பொய்ச்சுமையாகப் பெரிய வெப்பமூட்டிகளைக் கட்டடம் முழுவதும் எரியவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துவிடுவார்கள். மின்கலம் தாங்குகிறதா, மின்பிறப்பாக்கி சில விநாடிகளில் எழும்புகிறதா, ஒன்று எழும்பாவிட்டால் மற்றது ஏற்கிறதா, எல்லாம் திரும்பும்போது ஏதாவது இடறுகிறதா என்று பார்ப்பார்கள். தோற்றால் திருத்தி, மறுபடி முதலிலிருந்து.

கடல் சூழ்ந்த தீவும் இப்படிப்பட்ட கட்டடமுந்தான் மின்சார விடயத்தில் உறவினர் என்பது எனக்கு அப்போது தோன்றியது. வித்தியாசம், தரவு மையத்துக்கு வெளியே ஒரு பெரிய வலையமைப்பு இருக்கின்றது. இந்தத் தீவுகளுக்கு அதுவும் இல்லை; பல தசாப்தங்களாக டீசல் மின்பிறப்பாக்கிகளே கதி. (2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு இலங்கையையே இருளாக்கியதாகச் சொன்னார்களே, அந்தக் குரங்கின் அதிகாரம் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் செல்லாது.)

ஒப்பந்தத்தின்படி மூன்று தீவுகளுக்குமாகச் சூரியசக்தி 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல். கணக்குக்காக மூன்று தீவுகளும் சேர்ந்து 600 கிலோவாற்று கேட்பதாக வைத்துக்கொண்டால், மின்கலம் மாத்திரம் நான்கு மணித்தியாலத்துக்குத்தான் போதும். மின்கலத்தை அடிவரை வழிக்க மாட்டார்கள் என்பதால் உண்மையில் இன்னும் குறைவு. ஆகவே எது எப்போது எதற்கு இடம்விடுவது என்பதே உயிர்நாடி.

இந்த எண்களை அவனுக்கு அனுப்பினேன். அவன் முதலில் கேட்டது நிலத்தைப் பற்றி. "ஏர்த் எந்த மாசத்திலை அளப்பினம்?"

நெடுந்தீவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மதில்கூட முருகைக்கல்தான். மேலே மெல்லிய மண், கீழே சுண்ணாம்புப் பாறை. புவித்தொடுப்புக் கம்பியை இறக்குவதே பாடு. மழை முடிந்த மார்கழியில் அளந்தால் ஈரநிலம் நல்ல பெறுமானத்தைக் காட்டும். ஆவணியில் நிலம் வெடிக்கக் காய்ந்தபின் அதே கம்பி வேறு கதை சொல்லும். திறப்பு விழாத் திகதியை அமைச்சரின் நாட்குறிப்பு தீர்மானித்தால் இதை யார் கேட்பார்கள்?

இரண்டாவது அவன் சொன்னது என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது. டீசல் மின்பிறப்பாக்கி ஓடும்போது ஒரு கம்பி அறுந்து விழுந்தால், பழுதை நோக்கி மிகப் பெரிய மின்னோட்டம் பாயும். உருகி எரிந்து இணைப்பு அறும். பகலில் டீசலை நிறுத்திவிட்டு மின்கல இன்வேட்டர் மட்டும் ஊருக்கு ஊட்டும்போது நிலைமை அப்படியல்ல. இன்வேட்டர் தன் கொள்ளளவுக்குச் சற்று மேலாகத்தான் மின்னோட்டம் தரும். பழைய உருகிக்கு அது பழுதென்றே தெரியாமற் போகலாம். சோளகக் காற்றில் ஒரு பனை மட்டை கம்பியை இழுத்து வீழ்த்தினால், அந்தக் கம்பி உயிரோடேயே ஒழுங்கையில் கிடக்கும். பள்ளிக்கூடம் விடுகின்ற நேரமாயிருந்தால்? பாதுகாப்புக் கருவிகளை அந்தச் சிறிய மின்னோட்டத்துக்கு ஏற்றபடி அமைத்து, டீசல் நிறுத்திய நிலையிலும் பரீட்சித்தாலன்றி இது வெளிப்படாது. மின்குமிழ்கள் எல்லாம் அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, சுமை. நயினாதீவின் உச்சச் சுமை சாதாரண நாட்களில் இல்லை. நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவில் தேரன்றும் தீர்த்தத்தன்றும் பார்க்கவேண்டும்: அன்னதான மடங்கள், ஒலிபெருக்கி, அலங்கார விளக்குகள், குளிர்பானக் கடைகள். வெப்பமூட்டி வைத்துப் பொய்ச்சுமை உண்டாக்க வேண்டியதில்லை, அம்மாளே உண்டாக்கித் தருவாள் என்றேன். சிரித்தான், பிறகு, அந்தச் சுமையை முதன்முதலாகத் திருவிழாவன்றே பார்க்கக்கூடாது, அதற்கு முன் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்றான். சரிதான். நான் சனத்தை நினைத்தேன், அவன் மின்மாற்றியை நினைத்தான்.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னான மின்சாரமற்ற ஆண்டுகளை யாழ்ப்பாணத்தில் கழித்தவன் நான். ஜாம் போத்தல் விளக்கில் செய்தி எழுதி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை. அப்போது எங்கள் வீடுகளின் மின்சாரத்தை இயக்கியது நாங்கள்தாம். எது பழுதானாலும் கையை வைத்துத் திருத்தத் தெரிந்திருந்தது. இப்போது வருவது மென்பொருளால் இயங்கும் தொகுதி. வாடைக் காற்றில் கடல் பொங்கிப் படகு நிற்கும் நாளில், இரவு பதினொரு மணிக்கு முழுத் தீவும் இருண்டால், அதை அடியிலிருந்து மீண்டும் எழுப்பவேண்டியவர் அங்கே கடமையிலிருக்கும் ஓர் இயக்குநர். வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியும் அவரை நம்பித்தான் இருக்கும். அவர் அந்தச் செயலை, பொறியியலாளர் பக்கத்தில் நிற்க, தன் கையால் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். செய்முறை ஏடு அவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். எழுவைதீவில் முன்னரே சிறிய அளவில் இத்தகைய கலப்புத் தொகுதி நிறுவப்பட்டிருக்கின்றது. அங்கு வேலை செய்தவர்களை அழைத்து இந்த மூன்று தீவுகளின் இயக்குநர்களோடு இருத்திப் பேசவைத்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இதை வாசிக்கும் நண்பர்களுள் துபாயிலும் சிங்கப்பூரிலும் ரொறன்ரோவிலும் இதே தொழில் செய்பவர்கள் இருப்பீர்கள். மருமகன் தான் பயன்படுத்தும் வகையிலான பரீட்சைப் படிவம் ஒன்றைத் தயாரித்து அனுப்பியிருக்கின்றான். இருவருமாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கின்றோம். 'புவித்தொடுப்பு' வரை சண்டையில்லை. 'ட்ரிப்' என்பதற்கு நான் 'தொடர்பறுதல்' என்று எழுதியதை அவன் வெட்டிவிட்டு, ஊர்ச்சனம் சொல்வதுபோல 'விழுதல்' என்று போட்டிருக்கின்றான். அதை அப்படியே விட்டிருக்கின்றேன். மீதிச் சொற்களுக்கு உங்கள் உதவி தேவை.