வெடிக்காத வெடி

தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் போனதற்கு யானை காரணமில்லை. நான்தான் காரணம்.

எங்கட வயல் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே. முன்மாரி வேளாண்மை கதிர் தள்ளத் தொடங்கினால் இரவில் வாடியில் காவல் கிடக்க வேணும். எங்களிட்டத் துவக்கு இல்லை. டோர்ச் லைட், யானைவெடி, தொண்டை, இவ்வளவுதான்.

அண்டைக்கு மழை விட்ட இரவு. வரம்புக்கு அங்கால யானை நிற்கிற சத்தம் கேட்டுத் தம்பி வெடியைக் கொளுத்தி எறிஞ்சான். திரி கொஞ்சம் சீறிச்சு, பிறகு ஒண்டுமில்லை. ஈரம் பட்ட வெடி, அதுவும் கடைசி வெடி. "நூந்துபோச்சு, எடுத்துத் திரும்பக் கொளுத்துடா" எண்டு சொன்னன். நான் சொன்னதால அவன் எடுத்தான்.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபடியால் நேரே வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முந்தி எண்டால் பாதைக்குக் காத்துக் கிடந்திருப்போம்.

ஒரு மாதம் கழிச்சு பக்கத்து வளவு மாமா தம்பியைப் பார்க்க வந்தார். பொலிஸில் இருந்து பென்சன் எடுத்தவர். முழுக்கதையையும் கேட்டுப்போட்டு என்னைத் திட்டவில்லை. தான் ரிவோல்வர் பழகின காலத்தைச் சொன்னார்.

"விசையை இழுக்கிறாய் மருமகன், 'டிக்' எண்டு மட்டும் கேட்குது. என்ன செய்வாய்?"

"திரும்ப இழுப்பன்."

"அதான் பிழை. அந்த ரவை செத்துப்போச்செண்டு ஆர் சொன்ன?"

ரவையின் அடியில் தட்டினால் பற்றுகிற மருந்து கொஞ்சம் இருக்கும். அந்தப் பொறிதான் கோதுக்குள் இருக்கிற வெடிமருந்தைப் பற்ற வைக்கும். ஈரம் பட்டாலோ பழசாய்ப் போனாலோ சிலது பற்றாது. சிலது பிந்திப் பற்றும். ரிவோல்வரில் இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. திரும்ப விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த ரவை குழலுக்கு நேரே வரும். பிந்தின ரவை பக்கத்துக்குப் போய்விடும். அங்கே அது வெடித்தால் சன்னம் வெளியே போகக் குழல் இல்லை. துவக்கே உடைந்து கையைக் கொண்டுபோகும்.

அதனால் 'டிக்' எண்டு கேட்டால் விசையில் இருந்து விரலை எடுத்து, ஆளில்லாத பக்கம் பிடித்தபடியே முப்பது எண்ண வேணும். அதுக்குப் பிறகுதான் உருளையைத் திறந்து, அந்த ரவையை வேறாக்கி வைக்கலாம். சத்தம் வழமையைவிடச் சின்னதாய்க் கேட்டால் இன்னும் கவனம். சன்னம் குழலுக்குள்ளேயே இறுகி நிற்கலாம். அடுத்த வெடி வைத்தால் குழல் பிளக்கும். அதோடு நிறுத்திப்போட வேணும்.

மாமாவுக்கும் ஒரு தரம் 'டிக்' கேட்டதாம். உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கக் கூடாதெண்டு ரவைகளுக்கும் எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். அந்த எண்ணெய் உள்ளே ஊறி மருந்தைக் கெடுத்துவிட்டது. "முப்பது எண்ணுறது பெரிய வேலை மருமகன். பயத்தில ஆறுக்கு மேல வாய் வராது" எண்டார்.

எனக்கு உறைத்தது அதுதான். அண்டைக்கு எனக்கு யானையில் பயம், வெள்ளாமை போயிடுமோ எண்ட பயம். பொறுக்கேலாமல்தான் அது நூந்துபோச்செண்டு நானே தீர்ப்புச் சொன்னன். திரிக்குள் நெருப்பு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்த அவசரம் எங்கட ஊரில் யானைவெடியோடு நிற்காது. 2017இல் மட்டக்களப்பைக் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். நல்ல விசயம். ஆனால் சண்டை நடந்த மண்ணில் வெடிக்காத ஷெல்லோ கைக்குண்டோ எப்பவும் தட்டுப்படலாம். அதுக்கு முப்பது எண்ணுற கணக்கும் இல்லை. வருசக்கணக்காய்க் கிடந்ததும் வெடிக்கும். தொடாமல், தட்டிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பி 119க்குச் சொல்ல வேணும்.

போன முன்மாரியிலும் ஒரு வெடி சீறிப்போட்டு நின்றது. என்ட கால் தன்பாட்டில் ஒரு எட்டு வைத்தது. தம்பி மூன்று விரலால் என்ட சேட்டைப் பிடித்து இழுத்தான். "விடுங்க அண்ணன், கிடக்கட்டும்."

விடியும் வரைக்கும் வாடியை விட்டு நாங்கள் இறங்கவில்லை. யானை அரை ஏக்கரைத் துவைத்துப்போட்டுப் போயிருந்தது.