முப்பது பேருக்கு அனுப்பினோம்

கல்லுக்குக் கண் உண்டென்றால் நகைப்போம். சிலை கண்ணீர் வடித்ததென்றால், கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்ப்போம். அத்தகைய நாம், 2018 சித்திரைத் திங்களில் கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றை, ஊர் எது, பேர் எது என்று ஒரு சொல் கேட்டோமில்லை! வடநாட்டுக் கும்பலொன்று பிள்ளைகளைக் கடத்த வந்திருக்கிறதாம். கூடவே ஒரு படக்காட்சி: மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனை அள்ளிச் செல்கின்றனர். நமது வீட்டிலும் பேரன் உண்டே! நெஞ்சு பதைத்தது, விரல் விரைந்தது. முப்பது பேருக்கு அனுப்பினோம்.

நமக்கு அனுப்பியவன் தமக்கை மகன். அச்சிட்ட தாளாக இருந்திருப்பின் அச்சகத்தின் பெயரையாவது தேடியிருப்போம். உறவின் கையால் வந்த பொய்க்கு முகவரி கேட்கத் தோன்றவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒருவர், பள்ளி ஆசிரியை, மறுத்தெழுதினார். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொணர்ந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டும் முடிவுப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்புகிறார்கள் என்றார்.

அதற்கு அவர் பெற்ற பரிசு? கடத்தல்காரருக்குக் கையாளோ என்றார் ஒருவர். பிள்ளை பெறாதவளுக்குத் தாயின் தவிப்பு எங்கே தெரியும் என்றார், மேடையில் பெண்ணுரிமை முழங்கும் மற்றொருவர். நாம்? "எச்சரிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று எழுதினோம். ஏச்சைக் கண்டித்து ஓர் எழுத்தும் எழுதினோமில்லை. ஆசிரியை குழுவை விட்டு வெளியேறினார்.

மே 9. போளூரை அடுத்த அத்திமூர். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம், வழியில் கண்ட சிறுவர்களுக்கு மிட்டாய் தந்தது. (அந்தக் கோயிலோடு நமக்கு வழக்குண்டு, மிட்டாய் தந்த கையோடு என்ன வழக்கு?) கூட்டம் திரண்டது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். நாம் அனுப்பியது அவ்வூரை எட்டவில்லை என்று ஆணையிட்டுச் சொல்ல நம்மால் இயலாது.

இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் மாற்றியனுப்ப முடியாதென, அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது. நல்லதுதான். ஆனால் ஐந்தை ஆறு முறை அனுப்பினால் முப்பது அன்றோ!

அத்திமூர்ச் செய்தியை நாளேட்டில் படித்த அன்று மாலை, ஆசிரியையின் இல்லம் தேடிச் சென்று, பிழை செய்தோம் என்றோம். அவர் சினக்கவில்லை, அமரச் சொல்லித் தேநீர் தந்தார்.

"என்னிடம் வந்தீர்கள், சரி. அந்த முப்பது பேரிடமும் சொல்லிவிட்டீர்களா, ஐயா?"

சொல்லியிருக்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே முதலாமவரைத் தொலைபேசியில் அழைத்து, நாம் அனுப்பியது பொய் என்றோம்.

"அதனாலென்ன, எச்சரிக்கைதானே?" என்றார் அவர்.