அப்பத்தா போட்டோவும் ரெண்டு கம்ப்யூட்டரும்

இது மருத்துவப் பதிவு இல்லைங்க. டூட்டி போக மிச்ச நேரத்துல கேமராவைத் தூக்கிட்டு அலையுற ஒருத்தனோட பதிவு. ரெண்டு கம்ப்யூட்டர்ல போட்டோ எடிட் பண்றவங்க மட்டும் கடைசி வரைக்கும் படிங்க, மத்தவங்க தாராளமா கடந்து போகலாம்.

என்கிட்ட ரெண்டு மெஷின். குவார்ட்டர்ஸ்ல ஒரு டெஸ்க்டாப், ஊருக்குப் போனா லேப்டாப். போட்டோ எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல. அதை எப்பவும் பையிலேயே வச்சிருப்பேன். போட்டோ கூடவே இருக்கு, அப்புறம் என்ன கவலைன்னு நினைச்சேன்.

ஒரு பொங்கலுக்கு அப்பத்தாவைத் திண்ணையில உக்கார வச்சு ஒரு படம் எடுத்தேன். பின்னாடி உச்சி வெயில். முகம் இருட்டாத்தான் விழுந்துச்சு. ஆனா ரா ஃபைல், அதனால கவலைப்படலை. குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெளிச்சம் ஏத்தி, வெயிலை இறக்கினேன். சுருக்கத்துல கை வைக்கல. காதுல தண்டட்டி ஆடுறது அப்படியே தெரிஞ்சுது. எக்ஸ்போர்ட் மட்டும் பண்ணலை. அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்.

ஆறு மாசத்துல அப்பத்தா போயிட்டாங்க. ஊருக்குப் போய் இறங்கின உடனே சித்தப்பா, "தம்பி, ஃப்ளெக்ஸ்காரன் நிக்கிறான். நீ எடுத்த போட்டோவைக் குடுப்பா"ன்னாரு.

லேப்டாப்ல டிஸ்கைச் சொருகித் திறந்தா அதே படம்தான், ஆனா முகம் கருப்பு. நான் செஞ்ச எதுவும் இல்லை. மறுபடி செய்யலாம்னு உக்காந்தா பத்து நிமிஷத்துல கை ஓடலை. உள்ள அம்மா அழுதுட்டு இருக்காங்க. சரின்னு அப்படியே குடுத்துட்டேன். அவங்க அதைப் பளிச்னு ஆக்கி, முகத்துல சாம்பல் பூசின மாதிரி அடிச்சுக் கொண்டாந்தாங்க. தண்டட்டியே காணோம். பதினாறாம் நாள் வரைக்கும் தெருமுனையில அந்தப் படம்தான் நின்னுச்சு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் குனிஞ்சுதான் போனேன்.

ஏன் இப்படி ஆச்சு? லைட்ரூம் கிளாசிக் மாதிரி மென்பொருள் உங்க ரா ஃபைலைத் தொடவே தொடாது. "எக்ஸ்போஷரை இவ்வளவு ஏத்து, ஷேடோவை இவ்வளவு தூக்கு"ன்னு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பெல்லாம் கேட்டலாக்னு ஒரு டேட்டாபேஸ்ல போகும். எங்க பாஷையில சொன்னா, போட்டோ நோயாளி, கேட்டலாக் கேஸ் ஷீட். நோயாளியை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேன், கேஸ் ஷீட்டை குவார்ட்டர்ஸ் டெஸ்க்டாப்லயே வச்சிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் புத்தி வந்துச்சுன்னு நினைப்பீங்க. இல்லை. கேட்டலாகைத் தூக்கி ஒரு க்ளவுட் ஃபோல்டர்ல போட்டேன். ரெண்டு மெஷின்லயும் தானா வந்துரும்ல? ஒரு நாள் கேஷுவாலிட்டியில இருந்து கால் வர, டெஸ்க்டாப்ல லைட்ரூமை மூடாமலே ஓடிட்டேன். அப்படியே ஊருக்கும் போயாச்சு. அங்க லேப்டாப்ல பழைய காப்பி திறந்திருக்கு, நானும் பையனோட பிறந்தநாள் படங்களை ரெண்டு நாள் எடிட் பண்ணேன். திரும்பி வந்து பார்த்தா ஒரே பேர்ல ரெண்டு கேட்டலாக், ஒண்ணுல "முரண்பட்ட பிரதி"ன்னு போட்டிருக்கு. எது வேணும்னு தெரியாம ஒண்ணை அழிச்சேன். அழிச்சது பிறந்தநாள்.

இதுல முழுத் தப்பும் என்னுதுதான். ஒரு கேட்டலாகை ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான் திறக்கணும். அதுக்காகத்தான் திறந்திருக்கும்போது பக்கத்துலயே ஒரு லாக் ஃபைல் உருவாகும். நெட்வொர்க் டிரைவ்ல வச்சா திறக்கவே விடாது. இன்னொரு விஷயம்: அழிக்காம வச்சிருந்தா "வேற கேட்டலாக்ல இருந்து இம்போர்ட்"னு ஒரு வசதி இருக்கு, ரெண்டையும் சேர்த்திருக்கலாம். அது எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

இப்ப எப்படி வச்சிருக்கேன்னா, போட்டோவும் கேட்டலாகும் ஒரே எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில. ரெண்டுமே விண்டோஸ் மெஷின்ங்கறதால, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ரெண்டுலயும் அதுக்கு ஒரே டிரைவ் எழுத்தைக் குடுத்துட்டேன். இல்லைன்னா போட்டோ காணோம்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. லைட்ரூமை முழுசா மூடின பிறகுதான் எஜெக்ட். ரெண்டு மெஷின்லயும் ஒரே வெர்ஷன், ஏன்னா புதுசு கேட்டலாகை மாத்திடுச்சுன்னா பழசால அதைத் திறக்க முடியாது. மூடும்போது எடுக்கிற கேட்டலாக் பேக்கப் டெஸ்க்டாப்போட உள் டிஸ்க்குக்குப் போகுது. போட்டோக்களுக்குத் தனியா இன்னொரு டிஸ்க்ல காப்பி. எஸ்எஸ்டியும் ஒரு நாள் சாகும்ல.

இதைவிட முக்கியமானது எக்ஸ்எம்பி. கேட்டலாக் செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டா பக்கத்துல "மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது"ன்னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா ஒவ்வொரு ரா ஃபைலுக்குப் பக்கத்துலயும் ஒரு குட்டி ஃபைல் உக்காரும், உங்க எடிட் எல்லாம் அதுல இருக்கும். ஜேபெக், டிஎன்ஜின்னா படத்துக்குள்ளேயே எழுதிடும். இதுதான் நோயாளி கையில இருக்கிற ஓபி சீட்டு. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடவே போகும். அன்னைக்கு இந்த ஒரு டிக் இருந்திருந்தா அப்பத்தா முகம் லேப்டாப்ல அப்படியே வந்திருக்கும்.

ஆனா ஓபி சீட்டுல எல்லாம் இருக்காதுல்ல? அதே மாதிரிதான். விர்ச்சுவல் காப்பி, கலெக்‌ஷன், எடிட் ஹிஸ்டரி எதுவும் எக்ஸ்எம்பியில போகாது. நட்சத்திரம் போகும். பழைய வெர்ஷன்கள்ல பிக், ரிஜெக்ட் கொடிகளும் போகாம இருந்துச்சு, அதனால அப்பவே கொடி வைக்கிறதை விட்டுட்டு நட்சத்திரத்துக்கு மாறிட்டேன்.

காசு கட்ட வேணாம்னா டார்க்டேபிள் இலவசம், அதுவும் எக்ஸ்எம்பி எழுதும். ஆனா லைட்ரூம் எடிட் அதுல அச்சு அசலா வராது, ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. முழுக்க க்ளவுட்ல இருக்கிற லைட்ரூம்ல இந்தத் தலைவலியே இல்லை, ஆனா அசல் ரா ஃபைலெல்லாம் மேல ஏறணும். எங்க குவார்ட்டர்ஸ் நெட்டுக்கு அது ஆகுற கதை இல்லை.

டாக்டர் நண்பர்களுக்குத் தனியா ஒரு வரி: நோயாளி படங்களை இந்த டிஸ்க்லயோ சொந்த க்ளவுட்லயோ கலக்காதீங்க ப்ளீஸ்.

காரியம் முடிஞ்சு குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் டெஸ்க்டாப்பைத் திறந்தேன். அந்த எடிட் அப்படியேதான் இருந்துச்சு, தண்டட்டியோட. பெருசா பிரிண்ட் போட்டு அடுத்த தடவை ஊருக்குக் கொண்டு போனேன். சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதை அன்னைக்கே குடுத்திருக்கலாமேப்பா"ன்னாரு. என்னத்தைச் சொல்ல, கேட்டலாக்னா?

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. இன்னைக்கு நைட் டூட்டி, காலையில வந்து பதில் போடுறேன்.